பிள்ளை தப்பிவிட்டது. அம்மாவை யார் தேடுவது?

எங்கேயாவது யுத்தம் மூண்டு, தாய் தகப்பன் இல்லாமல் எல்லை தாண்டி வந்த பிள்ளைகளின் படம் செய்தியில் வந்தால், நம்ம ஊரில் முதலில் வரும் பேச்சு இதுதான்: "எப்படியோ பிள்ளை தப்பிச்சுல்லா, அது போதும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் போதாது. உயிர் தப்பியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பெரியவர்கள் கைகழுவுவதால்தான், அந்தப் பிள்ளை நரை விழுந்த பிறகும் ஒரே கேள்வியைச் சுமந்து திரிகிறது.

தூர தேசத்துக்குப் போக வேண்டாம். நம் குமரி மாவட்டத்திலேயே பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று ஈழத்து மக்களின் அகதி முகாம்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் வசிக்கும் ஒரு அண்ணன் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்து பழக்கமானவர். 1990-ல் சண்டை மறுபடி வெடித்தபோது சின்னப் பிள்ளை, சித்தியோடு படகேறியவர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஆளுக்கு இவ்வளவு என்று படகுக்காரனுக்குக் கொடுக்க வேண்டும். கையில் இருந்த காசுக்கு எல்லோரும் ஏற முடியவில்லை. அம்மா நிறைமாதம் வேறு. "அடுத்த படகில வாறன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். வரவில்லை.

கரையேறி மண்டபம் அகதி முகாமில் பதிவு செய்யும்போது சித்தி இவரைத் தன் மகன் என்றே சொல்லிவிட்டார். இல்லையென்றால் பிள்ளையைப் பிரித்து வேறெங்கும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். அன்றிலிருந்து காகிதத்தில் சித்திதான் அம்மா. பெற்றவள் பெயர் இங்கே எந்த அட்டையிலும் கிடையாது. ஒருநாள் சாயாக் குடிக்கும்போது அவர் சொன்னார்: "சித்தி எனக்கு ஒரு குறையும் வைக்கேல்ல. அதாலதான் அம்மாவைப் பற்றி அவவிட்ட கேக்க ஏலாமப் போச்சு."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சில நாள் வேறு நினைப்பே ஓடவில்லை. பசித்தால் பிள்ளை அழலாம். அம்மா எங்கே என்று கேட்டால் வளர்த்தவர் மனம் நோகுமே! நன்றியே பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. தஞ்சம் கொடுத்த ஊரும் இப்படித்தான் எதிர்பார்க்கிறது. சோறு போட்டோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், இன்னும் என்ன முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாய் என்று.

1938 டிசம்பர் தொடங்கி 1939 செப்டம்பரில் போர் வெடிக்கும்வரை, ஹிட்லரின் பிடியிலிருந்து சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிர் காத்த காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களில் பலர் தாய் தகப்பனை மறுபடி பார்க்கவே இல்லை. அந்தப் போர்க்காலத்தில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய மனநல ஆய்வாளர்கள் ஆனா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் கண்டு எழுதியது என்ன தெரியுமா? தலைக்கு மேல் விழுந்த குண்டுகளைவிட, தாயைப் பிரிந்ததுதான் சிறு பிள்ளைகளை அதிகம் உலுக்கியது.

அப்படியானால் அனுப்பாமலே இருந்திருக்கலாமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆயுதம் ஏந்திய இயக்கம் கொண்டுபோய்விடுமோ, இலங்கை ஆமி கொண்டுபோய்விடுமோ என்று இரண்டு பக்கமும் பயந்து பிள்ளையைப் படகில் ஏற்றிய தாயைக் குறை சொல்ல, இங்கே பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் நமக்கு எந்த அருகதையும் இல்லை. கரையேறிய பிறகு இந்தப் பக்கம் நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

தேடுவது என்றால் என்னவென்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடற்கரை முழுக்க ஆண்கள் திரும்பாத வீடுகள். குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை மறித்தபோது முதல் குரலே "போய்த் தேடு" என்பதுதான். உடல் கிடைக்காத வீட்டில் இறந்தவருக்கான பூசை வைப்பதா வேண்டாமா, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்த பெண்களை இந்த மாவட்டமே பார்த்தது. தெரியாமல் இருப்பது சாவுச் செய்தியைவிடக் கொடியது என்று அன்று நமக்குப் புரிந்ததே. அதே தவிப்பு நம் பக்கத்து முகாமில் முப்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அவர்களுக்காக நாம் யாரும் எந்தத் தண்டவாளத்திலும் உட்காரவில்லை.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அதனால் கடமை இல்லை என்று வாதிடுவார்கள். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறதே. அதன் 22-ஆம் பிரிவு அகதிப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறது. பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முயற்சிக்கு அரசு ஒத்துழைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

2021-ல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் அறிவித்தது. புது வீடுகள் அதில் முக்கியமான பங்கு. மனதார வரவேற்கிறேன், தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்தவர்களுக்கு அது சாதாரண காரியமில்லை. அதோடு இதையும் செய்யுங்கள் என்று கேட்கிறேன். சிறுவயதில் பெற்றோர் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேர், யாரைத் தேடுகிறார்கள் என்று ஒவ்வொரு முகாமிலும் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பதிவில் பொய் சொன்னாய் என்று யாரையும் மிரட்டாமல் எழுதுங்கள். இலங்கையில் காணாமல் போனோருக்கென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே உள்ள பெயர்களோடு இந்தப் பெயர்களை வைத்துப் பார்க்க வழி செய்யுங்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிரிந்த குடும்பங்களைத் தேடித்தர செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒரு சேவை இருக்கிறது, கட்டணம் கிடையாது. பெற்றோரின் முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம், தெரிந்த உறவுக்காரர் பெயர்கள், இவ்வளவும் எழுதிக் கொடுத்தால் தேடத் தொடங்கலாம். முகாமில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்ப நான் வருகிறேன். பெயின்ட் அடிக்கும் அண்ணனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.