ஒரு கேம் விளையாட இத்தனை அக்கப்போரா?

காசு கொடுத்து வாங்கிய கேம் அது. கம்ப்யூட்டர் என்னுடையது, கரண்ட் பில் கட்டுவதும் நான்தான். ஆனாலும் அதைத் திறக்க யார் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஐகானை அழுத்தினால் முதலில், கேமை நெட்டில் விற்ற கடைக்காரனின் லாஞ்சர், அதாவது கேமைத் திறந்துவிடுகிற சாஃப்ட்வேர், திறக்கும். அது தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளும். அதன் வயிற்றிலிருந்து கேம் கம்பெனியின் இன்னொரு லாஞ்சர் வரும். அதற்குத் தனி அக்கவுண்ட், தனி பாஸ்வேர்டு. போட்டால் மெயிலுக்கு ஓடிபி. அந்த ஓடிபி ஸ்பேமில் போய்ப் படுத்திருக்கும். தேடி எடுத்துப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலில் இருந்து வா என்பான். சரி, எல்லாம் தாண்டி உள்ளே போனால் அப்டேட் வந்திருக்கிறது, நாற்பது ஜிபி. அதை இறக்கினால்தான் ஆட்டம்.

எனக்குக் கிடைப்பதே ராத்திரி பத்தரைக்கு மேல் ஒரு அரை மணி நேரம். ஆபீஸ் வேலை, சமையல், பிள்ளையின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து, எல்லோரும் படுத்த பிறகு வருகிற அந்த அரை மணி நேரத்தில், ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஊர்வதை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறேன். இதைச் சொன்னால் "இப்பல்லாம் அப்படித்தான்" என்கிறார்கள். அதென்ன அப்படித்தான்? டபுள் கிளிக் செய்த அடுத்த நொடி விளையாடிக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2001-ல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்தது. பெண்டியம் 3, 64 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், பின்பக்கம் ஒரு முழம் நீண்டிருக்கும் 15 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 98. அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கினார். பிள்ளைகள் சி ப்ளஸ் ப்ளஸ் படித்து முன்னுக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தாள். ஆயுத பூஜை அன்று சீபியூவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அந்த ஒரு நாள் மட்டும் அண்ணனும் நானும் சண்டை போடாமல் இருந்திருக்கிறோம்.

அசெம்பிள் செய்துகொடுத்த பையனிடம் அப்பா பேரம் பேசி வாங்கியது ஒரு மௌஸ் பேட். அண்ணன் பேரம் பேசி வாங்கியது டி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். டேவ், பிரின்ஸ், ரோடு ரேஷ், வர்ச்சுவா காப், கிளா. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பாதியில் இந்த ஃபோல்டர்தான் இருந்திருக்கும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்டன் மெக்னர் என்ற ஒருவர், கிட்டத்தட்ட தனி ஆளாக எழுதியது. முதலில் வந்தது 1989-ல், ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு. தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு அசைவாக வரைந்திருக்கிறார். அதனால்தான் அந்தச் சின்ன உருவம் விளிம்பில் தொங்கும்போது நமக்குக் கை வலித்தது. ஆரம்பத்தில் மெமரி போதவில்லை, எதிரிக்கென்று தனியாகப் படம் வரைய இடமில்லை. மனுஷன் என்ன செய்தார்? பிரின்ஸின் படத்தையே கொஞ்சம் மாற்றி நிழல் மனிதன் ஒருவனை உண்டாக்கினார். நான்காவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அதிலிருந்து எதிர்ப்பக்கம் குதித்து ஓடுவானே, அவன்தான். அடுத்த லெவலில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிட்டுப் போவான். கடைசியில் கத்தியோடு எதிரே வந்து நிற்பான். அவனைக் குத்தினால் நமக்குத்தான் உயிர் குறையும். கத்தியை உறையில் போட்டுவிட்டு அவன்மேல் நடந்து போனால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நெட்டில் தேட வீட்டில் நெட்டே கிடையாது. டியூஷனில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது, அவளுக்கு யார் சொன்னார்களோ.

இத்தனையும் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கியது. ஃப்ளாப்பி என்றால் 1.44 எம்பி. 2019-ல் வந்த ஒரு கால் ஆஃப் டூட்டி கேமுக்கு 175 ஜிபி இடம் ஒதுக்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஃப்ளாப்பிக்கு மேல் வரும். படம் தத்ரூபமாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது என் ஹார்ட் டிஸ்க், என் டேட்டா. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பாதியை அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொல்ல இவர்கள் யார்?

அந்தக் காலத்தில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று கதை விட வரவில்லை. பிரின்ஸுக்கு மொத்தமே அறுபது நிமிஷம், ஐம்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போகும். யூபிஎஸ் கீ கீ என்று கத்தும், அம்மா "மூடுடா அதை, வெடிச்சிடப் போகுது" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். ப்ராஜெக்ட் ஐஜிஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் நடுவில் சேவ் செய்யவே முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய், கடைசியில் எங்கோ கோபுரத்தில் நிற்கிறவன் ஒரே குண்டில் சுட்டால் மறுபடி முள்வேலிக்கு வெளியே நிற்போம். அந்தக் கேமை எழுதியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் விளையாட்டுக்குள் பட்ட கோபம். தோற்றாலும் விளையாடித்தான் தோற்றேன். இப்போது வாசலிலேயே தோற்கிறேன்.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது சீட் கோட் விவகாரம். விளையாடும்போது டைப் அடித்தால் குறுக்கு வழி திறக்கிற ரகசிய வார்த்தைதான் சீட் கோட். என் பிசிக்ஸ் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க சீட் கோட்தான். வைஸ் சிட்டி கேமில் 'பேன்சர்' என்று டைப் அடித்தால் நடுரோட்டில் டாங்கி வந்து இறங்கும். 'ஆஸ்பிரின்' என்று அடித்தால் உயிர் நிறையும், எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக வரும். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு அதிலிருந்த பின்பால் என்ற பந்து விளையாட்டில் 'ஹிடன் டெஸ்ட்' என்று அடித்தால், பந்தை மௌஸால் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். அது கேம் எழுதியவர்கள் சோதித்துப் பார்க்க வைத்திருந்த வழி, நமக்கும் கிடைத்தது. ஒருத்தர் எழுதிக் கொடுக்க இன்னொருத்தர் காப்பி அடித்து, பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும். ஒரு பைசா செலவில்லை.

இப்போது அதே டாங்கியையும் அதே உயிரையும் கடையில் வைத்து விற்கிறான். நேராக ரூபாயில்கூட இல்லை. ரூபாயைக் கொடுத்து ரத்தினக்கல் வாங்கு, ரத்தினத்தைக் கொடுத்து சாவி வாங்கு, சாவியைக் கொண்டு பெட்டியைத் திற, உள்ளே என்ன இருக்கும் என்பது உன் தலையெழுத்து. அண்ணன் மகனுக்குப் பத்து வயது. "அத்தை, ஒரு பேக் மட்டும், நாளைக்கு ஆஃபர் முடிஞ்சிடும்" என்று போனைக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஆஃபர் முடிய இன்னும் எத்தனை நிமிஷம் என்று சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடுகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு எதுக்குடா கவுண்ட்டவுன்? தினமும் வந்து அட்டெண்டன்ஸ் போட்டால் பரிசு, ஒரு நாள் தவறினால் முதலில் இருந்து. காய்ச்சலில் படுத்தபோதுகூட எழுந்து அட்டெண்டன்ஸ் போட்டுவிட்டுப் படுக்கிறான். பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு ஒழுங்கில்லை.

கம்ப்யூட்டரில் தனியாக ஆடுகிற சீட்டாட்டம் சாலிட்டேர், அதன் கதை இன்னும் கேவலம். 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, அப்போது மைக்ரோசாஃப்டில் இன்டர்ன். அதற்காக அவருக்கு ராயல்டி என்று எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் உலகத்தின் எல்லா ஆபீஸ்களிலும், நம் ஊர் அரசு அலுவலகங்களிலும்கூட, ஒரு தொந்தரவும் இல்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. 2012-ல் விண்டோஸ் 8-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். 2015-ல் விண்டோஸ் 10-ல் திரும்ப வந்தபோது விளம்பரத்தோடு வந்தது. விளம்பரம் வேண்டாமா, மாதச் சந்தா கட்டு! சீட்டுக்கட்டுக்கு மாதச் சந்தா! எழுதியவனுக்கே காசு கொடுக்காத ஒரு விளையாட்டு அது.

அப்பா இப்போது ரிட்டயர் ஆகி போனில் சீட்டு ஆடுகிறார். ஏதோ ஒரு இலவச ஆப். ஒரு ஆட்டம் முடிந்ததும் முப்பது நொடி விளம்பரம். மூடுகிற பெருக்கல் குறியைக் கடுகளவில் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்காரரின் விரல் அதில் சரியாகப் படுமா? பட்டால் இன்னொரு ஆப் இறங்குகிறது. மாசம் ஒருமுறை அவர் போனில் இருக்கிற குப்பையை எல்லாம் உட்கார்ந்து அழிப்பது என் வேலை. "அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இதெல்லாம் வராதேம்மா" என்கிறார். எந்த வாயால் பதில் சொல்வது?

ஒருவர் கேட்பார், தெரியும்: "நீங்க எல்லாம் திருட்டு சிடில விளையாடினவங்கதானே?" ஆமாம். எங்கள் ஊரில் ஒரிஜினல் சிடி விற்கிற கடையே கிடையாது, பர்மா பஜார் சரக்குதான் கைமாறிக் கைமாறி வரும். சரி, இப்போது சம்பாதிக்கிறேன், ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்குகிறேன். எனக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? க்ராக் செய்து, அதாவது கேமின் பூட்டை உடைத்து, விளையாடுகிறவனுக்கு லாஞ்சர் இல்லை, ஓடிபி இல்லை, நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. காசு கொடுத்தவள்தான் சொந்த வீட்டுக்குள் போக வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். தனியாக உட்கார்ந்து விளையாடுகிற கேமுக்கு நெட் எதற்கு? கேபிள் அறுந்தால் என் கதாநாயகனுக்கு என்ன வந்தது?

அதைவிடக் கொடுமை, வாங்கியது நம்முடையதே இல்லையாம். யூபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், காசு கொடுத்தவர்கள் தனியாகக்கூட அதை ஓட்ட முடியாது. அதில் வெகுண்டுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கம் கிளம்பியது. 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அதன் மனுவுக்குப் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம்: விற்பது பொருளை அல்ல, வெறும் உரிமத்தை என்றால் அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதன்படிப் பார்த்தால் "இது உனக்குச் சொந்தமில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அதே விலைக்கு விற்கலாம்.

மெக்னர் விஷயத்தில் என்ன நடந்தது தெரியுமா? பிரின்ஸின் மூல நிரல் தொலைந்தே போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். 2012-ல் அவருடைய அப்பா ஒரு பெட்டியில் பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்து அனுப்பினார். இருபது வருஷத்துக்கு மேல் கிடந்த ஃப்ளாப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார். அது ஒரு மனிதர், ஒரு அட்டைப்பெட்டி. இத்தனை கோடி போட்டு சர்வர் நடத்துகிற கம்பெனிகளுக்குப் பத்து வருஷம் ஒரு கேமை உயிரோடு வைத்திருக்கத் துப்பில்லை.

இந்த வருஷம் புதிதாக எந்தக் கேமும் வாங்குவதாக இல்லை. இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் 2015-லேயே, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை பிரௌசரிலேயே விளையாடும்படி ஏற்றியிருக்கிறார்கள், அதில் பிரின்ஸும் இருந்தது. அக்கவுண்ட் கேட்கவில்லை, ரத்தினம் விற்கவில்லை. மூன்றாவது லெவலில் அந்த எலும்புக்கூடு வருமே, எத்தனை குத்தினாலும் சாகாது, பள்ளத்தில்தான் தள்ள வேண்டும். அதனிடம் தினமும் அடி வாங்குகிறேன். விரலுக்குப் பழைய வேகம் இல்லை. லேப்டாப்பில் இந்த அம்புக்குறிக் கீகளை இவ்வளவு சின்னதாக வைத்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.