பகடை வைத்த பரீட்சைத் தாள்

கல்விக்கான பலகை விளையாட்டு செய்யக் கிளம்பிய எங்கள் குழுவில் ஆறு பேர். அதில் ஒருவருக்காவது விளையாடப் பிடிக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய விளையாட்டு. நான் கொண்டுபோன திட்டம் இவ்வளவுதான்: விடிகாலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் ஆளுக்கொரு நிரை மரம். காய் நகர நகர மரத்தடி மங்குக் கிண்ணங்களில் ரப்பர் பால் சேரும். எந்த நேரமும் மழை அட்டை வரலாம். வந்தால் பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. இப்போதே எடுத்துவிடலாமா, இன்னும் நாலு மரம் பார்க்கலாமா என்று பிள்ளை கையைப் பிசைகிறதே, அதுதான் பாடம். வானம் இருட்டினால் பாட்டிக்கு ஏன் வயிறு கலங்கியது என்று தனியாக விளக்க வேண்டாம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மாடியில் கூட்டம். தே தாரே என்கிற ஆற்றிய தேநீர் வந்தது, கூடவே யோசனையும் வந்தது. "இதுல பாடம் எங்கங்க? கட்டத்துக்குக் கட்டம் கேள்வி அட்டை வைங்க." எல்லாத் தலையும் ஆடியது. அடுத்த கூட்டத்துக்கே அட்டைகள் தயார். "சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு ரப்பர் கன்றுகள் வந்த ஆண்டு எது?" 1877 என்றால் மூன்று கட்டம் முன்னால், தெரியாவிட்டால் மூன்று கட்டம் பின்னால். மழை அட்டையைத் தூக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை வந்துவிடுமாம். அப்படியானால் பகடை மட்டும் எதற்கு ஐயா?

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வையே மலேசிய அரசாங்கம் 2021-இல் எடுத்துவிட்டது. நம்மவர்கள் அதைப் பலகையில் ஒட்டித் திரும்பக் கொண்டுவருகிறார்கள்!

சரி, பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று கெஞ்சி ஒரு டியூஷன் வகுப்புக்கு எடுத்துப்போனோம். முதல் ஆட்டத்தில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி ஜெயித்தாள். அடுத்ததிலும் அவளே. அதற்குள் பாதிப் பதில்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கடைசி ஆளாகவே பின்தங்கிக் கிடந்த பையன் பகடையை மேசைக்கடியில் உருட்டிவிட்டு, "டீச்சர், டாய்லெட் போகணும்" என்றான். போனவன் வரவே இல்லை. குழுவின் முடிவு என்ன தெரியுமா? கேள்விகளை இன்னும் எளிதாக்க வேண்டுமாம்.

மோனோபலிக்கு மூதாதையான விளையாட்டுக்கு லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை வாங்கினார். வாடகை ஒருவனைக் கொழுக்கவைத்து மற்றவர்களை எப்படி ஓட்டாண்டி ஆக்குகிறது என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அதைக் கேள்வி கேட்டா காட்டினார்? ஆடுகிறவன் பையிலிருந்து காசைப் பிடுங்கிக் காட்டினார். அவ்வளவு தூரம் ஏன், நம் பரமபதத்தில் பாம்பு கடித்துக் கீழே வருகிற பிள்ளையிடம், "பாவம் என்றால் என்ன? இரண்டு வரிகளில் எழுது" என்று யாராவது கேட்டதுண்டா?

இப்போது வாட்ஸ்அப் குழுவில் விவாதம் அனல் பறக்கிறது. எதைப் பற்றி? பெட்டியில் யார் பெயர் முதலில், வெளியீட்டு விழாவுக்கு எந்த டத்தோ பட்டக்காரரை அழைப்பது, லோகோவில் ரப்பர் இலை பச்சையா தங்க நிறமா. விதிமுறைத் தாளை ஒருவரும் முழுதாகப் படிக்கவில்லை. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், அட்டை எதற்கு என்று இன்று காலையில்தான் ஒருவர் கேட்கிறார். அவர்தான் விதிமுறைக்குப் பொறுப்பாளர்!

மாலை, பொன்னாடையெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து ஆடுங்கள். பாதியில் எழுந்து போகிறவர் பெயர் பெட்டியில் வராது, சொல்லிவிட்டேன்.