ஏழு டாலருக்கு எத்தனை பூட்டு!

நேற்று ராத்திரியும் என் வலைப்பூ என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டுமாம், எண் வேண்டுமாம், குறியீடு வேண்டுமாம். எல்லாம் போட்டால் ஓடிபி. எங்களுடையது காரைக்குடிப் பழைய வீடு, சுவர் ஒன்றரை முழம். சிக்னல் முகப்போடு நின்றுவிடும். ஓடிபிக்காக வளவு வாசலில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வானத்தைப் பார்த்து, போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். வருவதற்குள் காலாவதி! இதே ஊர் ஆயிரம் சன்னல் வீட்டில்கூட இத்தனை தாழ்ப்பாள் இருக்காது.

சரி, உள்ளே என்ன புதையலா இருக்கிறது? மூன்று வருட விளம்பர வருமானம் ஏழு டாலர். பத்தானால் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் நம்பர். நூறானால்தான் காசு. ஆனால் வலைப்பூவின் இணையப் பெயரான டொமைனுக்கு மட்டும் வருடா வருடம் தவறாமல் பணம் கட்ட வேண்டும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கையால் வார்க்கும் அழகை விழுந்து விழுந்து எழுதினேன். நடுவில் என்ன விளம்பரம் தெரியுமா? பளபள விட்ரிஃபைடு டைல்ஸ், முப்பது சதவீதத் தள்ளுபடி!

அப்பத்தா வேறு தினமும், "ஏண்டா அப்பு, அந்த எழுத்துக் காசு வந்துருச்சா?" என்கிறது.

வரும் அப்பத்தா, வளவில்தான் நிற்கிறேன்.