மொட்டை வேல்

எங்கள் மொரீஷியஸ் கோயிலின் தைப்பூச மலர் அச்சாகி வந்துவிட்டது. காவடிக்கு இன்னும் நாலே நாள். அட்டையில் வேல் இருக்கிறது, நுனியைக் காணோம். பார்த்தால் தோசைக் கரண்டி மாதிரி இருக்கிறது. முருகா, என்னை மன்னித்துவிடு.

நான் வடிவமைத்துக் கொடுத்த அட்டையில் நுனி ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே இருந்தது. "வேல் சின்னதா இருக்கு தம்பி, ஓரம் முட்டப் போடு" என்றார் கோயில் கமிட்டிப் பெரியவர். ஐயா, அச்சான பிறகு கத்தி விழும், அது கொஞ்சம் அங்கே இங்கே நகரும். அதனால்தான் 210க்கு 297 அளவுள்ள ஏ4 அட்டையை, சுற்றிலும் 3 மி.மீ. கூட்டி 216க்கு 303 ஆகச் செய்கிறோம். அந்த மிச்சம் வெட்டுப்படுவதற்கென்றே இருப்பது, அதுதான் ப்ளீட் என்றேன். தலையாட்டினார். அச்சகத்தில் அதையே பிரெஞ்சில் ஃபோன் பெர்தியூ என்பார்கள். கமிட்டிக்கு எல்லாமே 'ஓரம்'தான். எனக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து படத்தை இழுத்துப் பெரிதாக்கி, நுனியைக் கொண்டுபோய் அந்த மிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தி என்ன செய்யும், பாவம்!

அதோடு விட்டார்களா? மாஸ்ட்ஹெட்டையும், அதாவது அட்டையின் மேலே வரும் மலரின் பெயரையும், 'கொஞ்சம் தடிமனாக' என்று புதிதாக அடித்திருக்கிறார்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போடாமல் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறும். மாறிவிட்டது. 'த' எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய சங்கிலிக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. வாசித்தால் 'தபைபூசம்'. இதழின் நெற்றியிலேயே!

1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள் என்று கொதித்த மொரீஷியஸ் தமிழர்கள் நாம். நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். ஒரு வரி கீழே போனதற்கு அவ்வளவு! இந்த அட்டையை நேற்று மண்டபத்தில் கை மாற்றி கை மாற்றிப் பார்த்தார்களே, கொம்பைப் பற்றி ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே? வாசித்தால்தானே!

கேட்டதெல்லாம், "காவடி ரோஸ் ஏன் மங்கலா இருக்கு?" போன் திரையில் இருப்பது ஒளி, காகிதத்தில் இருப்பது நாலு மை, அந்தப் பளபளப்பு மையில் வராது என்று வருஷா வருஷம் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது.

உள்ளட்டையைத் திருப்பினேன். 'அட்டை வடிவமைப்பு' என்று போட்டு என் பெயர். கொட்டை எழுத்தில், ஒரு பிழை இல்லாமல்.