போட்டோ மாதிரி இருக்கிறதாம்!

நகரத்துக் கால்வாய் ஒன்றில் கட்டிக்கிடக்கும் படகுகளைப் பென்சிலால் வரைந்திருக்கிறார் நண்பர் ஒருவர். பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது" என்று புகழ்ந்து தள்ளுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேமரா அந்தக் காட்சியில் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான் கொடுத்திருக்கும். இவர் அப்படிக் கொடுக்கவில்லை.

படகு ஓவியம் என்றால் என் கண் முதலில் போவது படகு தண்ணீரைத் தொடும் இடத்துக்குத்தான். அங்கே பிசகினால் மற்றதெல்லாம் எத்தனை நுணுக்கமாக இருந்தும் பயனில்லை. படகு மிதக்காது, தாளில் ஒட்டவைத்ததுபோல நிற்கும். இதில் முன்னால் இருப்பது தார்ப்பாய் போர்த்திய படகு. அதன் அடிவிளிம்பை 6பி என்ற மென்மையான, கருமையான பென்சிலால் அழுத்திக் கருக்கியிருக்கிறார். மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. பக்கத்துப் படகோ எழும்பி நிற்கிறது. அதன் அடிக்கோடு மெலிந்து, இரண்டு இடங்களில் அறுந்தே போகிறது. மூட்டை ஒன்றுகூட வரையாமல் எதில் பாரம், எது காலி என்று சொல்லிவிட்டார்.

பிம்பங்களையும் பாருங்கள். வெள்ளைப் படகின் பிம்பம் படகைவிடச் சற்று மங்கல். கறுத்த படகின் பிம்பம் சற்று வெளிறல். தண்ணீரில் அப்படித்தான் தெரியும். நம் பக்கம் சாய்ந்த கம்பத்தின் பிம்பம் கம்பத்தைவிட நீளமாக விழும், அதையும் விடவில்லை. மனப்பாடமாக வரைகிறவர்கள் படகைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இத்தனை சாயல்களும் பென்சிலில் கிடைப்பதற்கு 1795இல் பிரெஞ்சுக்காரர் கோன்டே கண்ட வழிக்கு நன்றி சொல்ல வேண்டும். கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கூட்டிச் சுட்டால் கோடு கெட்டிப்பட்டு வெளிறும், குறைத்தால் மென்மையாகிக் கருக்கும். வெனிஸ் கால்வாய்களை வண்ணத்தில் தீட்டிய கனலெட்டோவும் முதலில் குறிப்பேட்டில் கோட்டோவியமாகத்தான் வரைந்துகொண்டார். சுவரின் நிறத்தைக்கூட எழுத்தில் குறித்துவைத்த அந்தப் பக்கங்களை எனக்கு அவருடைய எண்ணெய் ஓவியங்களைவிடப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பின்னணிக் கட்டடங்களின் ஜன்னல்களை ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறார். கையால் போட்ட படகுகளுக்குப் பின்னால் அவை கட்டட வரைபடம்போல விறைத்து நிற்கின்றன. நண்பரிடமும் சொல்லிவிட்டேன். ஸ்கேல் இல்லாவிட்டால் கட்டடம் சாய்ந்துவிடும் என்கிறார். சாயட்டுமே!