"ஸ்டாம்ப் அடிக்கிற ஆபீஸ்தானே அக்கா?"

சனிக்கிழமை இங்கே டெக்சாஸில் நம் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்று காலை குழுவில் ஒரு தம்பி போட்டிருந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்னா ஸ்டாம்ப் அடிக்கிற ஆபீஸ்தானே அக்கா, அதுக்கு எதுக்கு மேடையில பத்து நிமிஷம்?"

ஆமாம், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்ற மாநில அதிகாரியின் அலுவலகத்தைப் பற்றிப் பேச நான் கேட்டது பத்து நிமிடம்தான். அப்புறம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்புவதற்கு. டெக்சாஸில் வெளியாளுடைய படிவத்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அனுமதி வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்து அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். "அரசியல் வேண்டாம்" என்று அந்த மேசையை எடுத்துவிட்டார்கள்.

சரி. ஆனால் அதே மேடையில் "சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி" என்று நாற்பது நிமிடம் போனது. எல்எல்சி என்கிற சிறு கம்பெனிப் பதிவுக்கு 300 டாலர், எந்தப் படிவம், பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் சொன்னார்கள். நன்றாகவே சொன்னார்கள், நானும் கை தட்டினேன். அந்தப் படிவம் போய்ச் சேரும் இடம் எது? ஆஸ்டினில் உள்ள செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். டெக்சாஸின் தலைமைத் தேர்தல் அதிகாரி யார்? அதே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். ஒரே அலுவலகத்தில் ஒரு பிரிவைப் பற்றிப் பேசினால் தொழில் வழிகாட்டல், பக்கத்துப் பிரிவைப் பற்றிப் பேசினால் அரசியலா?

நம் ஆட்களுக்கு இது குழப்பமாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஊரில் கம்பெனிப் பதிவாளர் ஒரு பக்கம், தேர்தல் ஆணையம் ஒரு பக்கம். போதாததற்கு வாஷிங்டனில் வெளியுறவைப் பார்ப்பவருக்கும் இதே பெயர். மாநிலத்தில் இருப்பவர் வேறு. கம்பெனிகளின் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் பார்ப்பவர் அவர். பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவரை ஸ்டாம்ப் அடிக்கிறவர் என்று தள்ளிவிட முடியாது. இதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல நினைத்தேன்.

2019 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கலாம் என்று சுமார் 95,000 வாக்காளர்களை அடையாளம் கண்டிருப்பதாக டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் அறிவித்தது. அவர்களில் 58,000 பேர் 1996க்கும் 2018க்கும் இடையில் ஒரு தேர்தலிலாவது வாக்களித்தவர்கள் என்றும் சொன்னது. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது கிரீன் கார்டோ விசாவோ காட்டியவர்களின் பதிவிலிருந்து. அதற்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர் அதை உரிம அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

நான் 2015இல் கிரீன் கார்டைக் காட்டி உரிமம் புதுப்பித்தேன். 2017இல் குடியுரிமை. 2018 நவம்பரில் முதல் ஓட்டு. அந்தக் கணக்குப்படி நானும் சந்தேக நபர்தான்.

எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தினமும் சாயங்காலம் தபால் பெட்டியைத் திறக்கும்போது வயிற்றைப் பிசையும். சந்தேகப்பட்டுக் கடிதம் வந்தால் 30 நாளில் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் பெயர் போய்விடும். அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? வங்கி லாக்கரிலிருந்து குடியுரிமைச் சான்றிதழை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டேன். அப்போது ஒன்பது வயதான என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஓட்டுப் போட்டது தப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

பட்டியல் என்ன ஆயிற்று? ஒரே வாரத்துக்குள் ஏறத்தாழ 25,000 பெயர்கள் தவறாகச் சேர்ந்தவை என்று தெரிந்தது. வழக்குகள் வந்தன. ஏப்ரலில் மாநிலம் அந்த வேலையை நிறுத்திக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு 4,50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆளுநரால் நியமிக்கப்பட்டிருந்த செக்ரட்டரி டேவிட் விட்லிக்கு மாநில செனட்டின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மே மாதம் விலகினார்.

என் கேட்டரிங் நிறுவனத்தை நான் பதிவு செய்தது அதே 2019 மார்ச்சில். ஃபிரேம் போட்டு சமையல்கூடத்தில் மாட்டியிருக்கும் சான்றிதழில் மாநில முத்திரையும் விட்லியின் கையெழுத்தும் இருக்கின்றன. என் சாம்பார் வியாபாரத்தை நம்பிய அலுவலகம் என் ஓட்டை நம்பவில்லை. இதைச் சொல்லத்தான் மேடை கேட்டேன்.

"குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடுவதைத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். எத்தனையோ வருடம் வரிசையில் நின்று குடியுரிமை வாங்கிய எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. சரியான பட்டியலை வைத்துச் சரிபார்க்கட்டும். 2025 அக்டோபரில் மறுபடி 2,724 பெயர்கள் வந்தன. அவர்களிலும் சிலர் உரிம அலுவலகத்திலேயே குடியுரிமைச் சான்று காட்டியிருந்தவர்கள்.

"நீ ஒரு கட்சிக்காகப் பேசுகிறாய்" என்று தனிச் செய்தியில் எழுதிய அண்ணாவுக்கு: 2020 தேர்தலின்போது ஜார்ஜியாவின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டாக இருந்த பிராட் ராஃபன்ஸ்பெர்கர் எந்தக் கட்சி? குடியரசுக் கட்சி. 2021 ஜனவரி 2 அன்று அவருடைய கட்சியின் அதிபர் டிரம்பே தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசி 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த மாநிலத்தில் பைடனின் முன்னிலை 11,779. சுமார் 50 லட்சம் ஓட்டுகளைக் கையால் எண்ணி முடித்திருந்த அந்த மனிதர் மறுத்தார். நான் அவருடைய கட்சி இல்லை, ஆனாலும் மனதாரக் கும்பிடுகிறேன். அவருடைய அலுவலகத்திலும் கம்பெனிப் பதிவுப் பிரிவு இருக்கிறது, தம்பி. அதிபரே கூப்பிட்டுக் கெஞ்சும் இடத்தை ஸ்டாம்ப் அடிக்கிற ஆபீஸ் என்கிறாய். ஃபுளோரிடாவில் 2000ஆம் ஆண்டு 537 ஓட்டில் ஜனாதிபதி தேர்தலே முடிவானது. அதற்குச் சான்று கொடுத்த செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் கேத்தரின் ஹாரிஸ் அதே மாநிலத்தில் புஷ் பிரசாரத்தின் இணைத் தலைவராகவும் இருந்தார்.

டெக்சாஸில் இந்தப் பதவிக்கு நாம் ஓட்டே போடுவதில்லையே, ஆளுநர்தானே நியமிக்கிறார் என்கிறீர்கள். அந்த ஆளுநருக்கும் செனட்டர்களுக்கும் யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. தமிழ்நாட்டில் எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம்) நடந்தபோது இதே குழு எப்படித் துடித்தது என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவிடம் படிவம் கொடுத்தார்களா, அப்பா பெயர் வரைவுப் பட்டியலில் இருக்கிறதா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் செய்தி. ஒருவருடைய மாமியார் பெயர் விடுபட்டதற்கு எத்தனை பேர் வழி சொன்னோம்! அப்போது யாரும் அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே பெற்றவர்கள் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் பதறுகிற நமக்கு, இங்கே நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் மட்டும் ஏன் சங்கடம்? நாம் இன்னும் விருந்தாளிகள், சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நினைக்கிறோமா? நான் அப்படி நினைக்கவில்லை. கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்திருக்கிறேன்.

விழாவுக்கு இருநூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டியவள் நான். ஒரு மேசைக்கு இடம் இல்லை என்று சொன்னபோது கரண்டி என் கையில்தான் இருந்தது. அதை மட்டும் மறக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து எங்கள் வீட்டு காரேஜில் அதே மேசையைப் போட்டிருப்பேன். 2026 மார்ச் 3 பிரைமரிக்கு, அதாவது கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு, பதிவு செய்யக் கடைசி நாள் 2026 பிப்ரவரி 2. ஓட்டுநர் உரிம எண்ணைக் கொண்டு வாருங்கள். நிரப்பிய படிவத்தை ஐந்து நாட்களுக்குள் நானே கவுண்டியில் சேர்த்துவிடுவேன். தம்பி, உன் மனைவி நவம்பரில்தானே உறுதிமொழி எடுத்தார்? உரிமம் அதற்கு முன்னால் வாங்கியது. உரிம அலுவலகத்தில் இன்னும் பழைய விவரம்தான் இருக்கும். சான்றிதழை ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா, காபி போட்டு வைக்கிறேன்.