பொன்னாடை போக மிச்ச நேரத்தில் கல்வெட்டு

எங்கள் வரலாற்றுத் துறையில் உத்தரமேரூர் கல்வெட்டு பற்றிக் கருத்தரங்கம். அழைப்பிதழில் காலை 10 மணி. சிறப்பு விருந்தினர் வந்தது 11.30-க்கு. அப்புறம் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஆளுக்கொரு பொன்னாடை, போட்டோக்காரர் தலையசைக்கும்வரை போர்த்தியவர் கையை எடுப்பதில்லை. கல்வெட்டைப் பற்றிப் பேச வந்தவருக்கு மிஞ்சியது இருபது நிமிடம், அதுவும் பிரியாணி வாசனையோடு.

பாவம், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையின் விதிகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 35-க்கு மேல், 70-க்குள். வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகாது. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவரும் ஆகாது. (மேடையில் வருஷா வருஷம் அதே முகங்கள்!) அதற்குள் ‘நேரமாச்சு’ என்று துண்டுச்சீட்டு போய்விட்டது. நன்றியுரைக்கு மட்டும் யாரும் சீட்டு அனுப்பவில்லை.